ஆவாரம்பூ முகம்

"ஒரே பெயர், ஒரே முகம், ஒரே தொனி, தினமும் ஒரு பதிவு. அப்போதுதான் கலைஞர் பிராண்ட் ஆக முடியும்." நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரிப் பயிலரங்கில் வந்திருந்த பயிற்சியாளர் சொன்னார். முன்வரிசையில் இருந்த என் மாணவி இன்ஸ்டாகிராமில் கவிதை எழுதுகிறாள். பெயர் அவளுடையதல்ல, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவாரம்பூ. அண்ணனுக்குத் தெரிந்தால் போன் போய்விடும், கூடவே படிப்பும்.

துவரங்குறிச்சியில் வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவர் 'சல்மா' என்ற பெயருக்குள் ஒளிந்துதான் கவிஞரானார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் அந்தப் பெயரில்தான் வந்தது. ஆய்வாளர் சி.எஸ். லட்சுமி, கதைக்கு அம்பை. இவர்களையும் 'பிராண்ட் குழப்பம்' என்பாரோ அந்தத் தம்பி?

பெண்ணை விடுங்கள். சொந்தப் பெயரில், தெரிந்த முகத்தோடு 'மாதொருபாகன்' எழுதிய பெருமாள்முருகன், எதிர்ப்பு முற்றியபோது, 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவிக்க வேண்டிவந்தது. இதே நாமக்கல்லில்தான். அவர் ஆண், பேராசிரியர் வேறு.

ஒளிந்திருப்பதை விடுதலை என்று நான் சொல்லவில்லை. எப்போது வெளியே வருவது என்பதை அவள் முடிவுசெய்யட்டும். சந்தை நாள் குறிக்க வேண்டாம். "அண்ணன் வாசலில் நின்றால் நீங்கள் கூட வருவீர்களா?" என்று கேட்டேன்.

"அது தனி டாபிக், மேடம்" என்றார்.