முதுகைப் பார்த்து மெஷின் செய்யுங்கள்

விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் முதுகில் ஏறும் மருந்து டேங்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாதாரணமாக அது 16 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 16 கிலோ. கடையில் தூக்கிப் பார்க்கிறவருக்குப் பெரிய பாரமில்லை. மழை ஈரம் காயாத சரிவில் சுமப்பவருக்கு? ஏலத்தில் சரம் தூரிலிருந்துதான் வரும், தரையில் படர்ந்து கிடக்கும். குனியாமல் மருந்தடிக்க முடியாது. குனிந்தால் டேங்க் தலைப்பக்கம் சாயும். மூடி இறுக்கமில்லை என்றால் விஷம் முதுகில் வடியும். கேட்டால், "கவனமில்லாத ஆள்" என்பார்கள். எனக்கு அது சம்மதமில்லை. குனிகிற வேலைக்கு நிமிர்ந்து நிற்கிறவனை நினைத்துச் செய்த கருவி அது.

ஆளுக்கும் வேலைக்கும் பொருந்தக் கருவி செய்வதற்கென்றே எர்கோனாமிக்ஸ் என்று ஒரு துறை இருக்கிறது. நம் நாட்டுக்கு அது புதிதில்லை. எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தபோது பங்கெடுத்த வாக்கு மெஷினையே பாருங்கள். சின்னத்துக்குப் பக்கத்திலேயே பட்டன். அழுத்தினால் விளக்கு எரியும், சத்தம் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் யார் துணையுமின்றி ஓட்டுப் போட்டுவிடுவார்.

விவசாயக் கருவிகளில் அந்த அக்கறை பிந்தித்தான் வந்தது. கதிரடிக்கும் மெஷினில் பலர் கையை இழந்த பிறகே, 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் வந்தது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாயத் தொழிலாளர்களின் உடலை 79 வகையாக அளந்து 2009இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. ஆகவே அளவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

படம் வரையும்போதே மருந்தடிப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். முதல் மாதிரியைச் சரிவில், மழையில், அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும். விற்ற பிறகும் ஒரு பருவம் கழித்துப் போய், எங்கே வலிக்கிறது என்று விசாரிக்க வேண்டும். வார் அகலம், மூடியின் இறுக்கம் எல்லாம் வரைபடத்தில் திருத்தினால் செலவு கொஞ்சம். விற்றபின் திருத்தினால் அந்தச் செலவு தொழிலாளியின் உடம்பில் விழும்.

உங்கள் பேரனோ பேத்தியோ பொறியியல் படித்தால், விடுமுறையில் மலைக்கு அழைத்துப் போங்கள். டேங்க்கில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரு மணி நேரம் சரிவில் சுமக்கச் சொல்லுங்கள். படிப்பில் விட்டுப்போனது முதுகுக்குப் புரிந்துவிடும்.