ஓடும் சரக்கோடு ஓடாத சரக்கு



பருப்பு நிலவரமும் எண்ணெய் நிலவரமும் வர வேண்டிய நம் இதழில், பந்தயக் கார் பற்றி எழுத வந்திருக்கிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இது கார் பற்றிய கட்டுரை அல்ல. தட்டுப்பாடு வந்தால் வியாபாரி எப்படி நடந்துகொள்கிறான் என்பது பற்றியது. அந்த வியாபாரிகளில் நானும் ஒருவன்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தான். லீ பஜாரில் என் கடைக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கார் பேச்சு வந்தது. புதிதாக வரும் வேகமான கார்களுக்கு அங்கே பெரிய கிராக்கியாம். "மாமா, கார் கண்ணாடியில கம்பெனி ஒட்டுன விலைச்சீட்டு ஒண்ணு இருக்கும். அதுக்குப் பக்கத்துல டீலர் ஒட்டுன சீட்டு இன்னொண்ணு. கம்பெனி விலைக்கு மேல பத்தாயிரம் டாலர், இன்னும் அதிகமாக்கூட போட்டிருப்பாங்க. 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்'னு அதுக்கு ஒரு பேரு" என்றான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை இரண்டேகால் ரூபாய்க்கு விற்றால் நம் கடையில் எடையளவுத் துறை வழக்கு எழுதும். ஐம்பது லட்ச ரூபாய்க் காருக்குப் பத்து லட்சம் கூட்டி, அதைச் சீட்டு அடித்துக் கண்ணாடியிலேயே ஒட்டுகிறார்களே, எப்படி என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். அங்கே 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுக் கார் ஒவ்வொன்றிலும் கம்பெனி விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். ஆனால் அதில் இருப்பது கம்பெனி 'சிபாரிசு செய்யும்' விலைதான். டீலர் தனி முதலாளி. கூட்டியும் விற்கலாம், குறைத்தும் விற்கலாம். கம்பெனி நேராக வாடிக்கையாளருக்கு விற்கப் பல மாநிலங்களின் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2021, 2022-இல் கார்களுக்கான சிப் கிடைக்காமல் உற்பத்தி குறைந்தபோது இந்தக் கூடுதல் விலை சாதாரணக் கார்களுக்கும் பரவியது. 2022 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும், அளவுக்கு மீறி நடக்கும் டீலருக்கு ஒதுக்கீட்டில் கை வைப்போம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு இது புதிதா? இல்லை. 1960-இல் ஸ்கூட்டர் விநியோகத்துக்கு அரசாங்கமே கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில், சில ஊர்களில் பத்து வருடம் வரைகூட, காத்திருந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மகனுக்குக் கல்யாணம் பேசும்போது ஸ்கூட்டர் பதிந்திருப்பதையும் ஒரு சொத்தாகச் சொல்வார்கள். முறை வந்து ஸ்கூட்டர் கிடைத்தவர், அதை வீட்டுக்கு ஓட்டி வரும் முன்பே கூடுதல் விலைக்குக் கேட்க ஆள் நிற்கும். 'பிளாக்' என்ற சொல் சினிமா டிக்கெட்டுக்கு மட்டும் உரியதாக அப்போது இருக்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி கார் வந்தபோதும் இதே கதைதான். முன்பணம் கட்டி முறை வந்தவர்களில் சிலர் காரை விட அந்த முறையை விற்றே லாபம் பார்த்தார்கள்.

பிறகு கம்பெனிகள் பெருகின, வரிசை கரைந்தது. எந்த ஸ்கூட்டருக்கு ஊரே காத்துக்கிடந்ததோ, அந்தக் கம்பெனி 2009-இல் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. வரிசை என்றும் நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் வரிசை திரும்பியும் வரும். 2021 அக்டோபரில் மஹிந்திராவின் எக்ஸ்.யு.வி. 700-க்கு முன்பதிவு திறந்ததும் 57 நிமிடத்தில் 25,000 பேர் பதிந்தார்கள். 2022 ஜூலையில் ஸ்கார்ப்பியோ-என் வந்தபோது அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர். வேகமான வண்டி, புது வண்டி, எல்லோருக்கும் முன்னால் நமக்கு வேண்டும் என்ற ஆசை சேலத்திலும் இருக்கிறது, திருச்செங்கோட்டிலும் இருக்கிறது.

என் மகனுக்கும் இருந்தது. எந்த வண்டி, எந்த ஷோரூம் என்று எழுதப்போவதில்லை. அது இங்கே தேவையும் இல்லை. பதிவு செய்து மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் அங்கிருந்து அழைத்தார்கள், இருவரும் போனோம். விற்பனைப் பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான். "சார், நீங்க பதிஞ்ச கலர் ஒரு வண்டி வந்திருக்குங்க. இந்த ஆக்சஸரீஸ் பேக்கேஜும், நம்ம இன்சூரன்சும் எடுத்துக்கிட்டீங்கன்னா இந்த வாரமே டெலிவரிங்க. வேண்டாம்னா கொஞ்ச நாள் ஆகும்ங்க" என்றான். பேக்கேஜ் 68,000 ரூபாய். சீட் கவர், தரை விரிப்பு, கதவுக்கு ஏதோ பளபளப்புப் பட்டை. கம்பெனி விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. சட்டத்துக்கும் சுத்தம், பில்லுக்கும் சுத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

மகன் கோபப்பட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பையன் சொன்ன வாக்கியத்தை நான் ஏற்கெனவே எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில்தான் புரிந்தது. கேட்கவில்லை, நானே சொல்லியிருக்கிறேன்.

2015-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது. என் கிடங்கில் விலை ஏறும் முன் வாங்கிய அறுபது மூட்டை இருந்தது. ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், என் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குபவர், ஐந்து மூட்டை கேட்டார். தீபாவளி வியாபாரம். நான் சொன்னது இது: "ரெண்டு மூட்டை தர்றேங்கண்ணா. கூட இந்தப் பட்டாணிப் பருப்பு ரெண்டு எடுத்துக்குங்க." பட்டாணிப் பருப்பு ஆறு மாதமாக ஓடாமல் கிடந்த சரக்கு. அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தார். ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை வரவில்லை. வயதாகிவிட்டது, கடையை மகன் பார்க்கிறான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகன் கடை நன்றாக நடக்கிறது. லீ பஜாருக்கும் வருகிறான். என் கடையைத் தாண்டிப் போகிறான்.

இரண்டு மூட்டைப் பட்டாணிப் பருப்பில் எனக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்று கணக்குப் போடத் தெரியாதவன் அல்ல நான். போடாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

இங்கே சில நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. "விலை ஏறினால் பழைய சரக்கையும் புது விலைக்கு விற்பதுதானே வியாபாரம்? நாளைக்கு அதே சரக்கைப் புது விலைக்குத்தானே வாங்க வேண்டும்?" உண்மை. அதில் எனக்குக் குற்ற உணர்வு கிடையாது. விலை இறங்கினால் அதிக விலைக்கு வாங்கிய சரக்கையும் குறைந்த விலைக்கு விற்கிறோம். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, பழைய எம்.ஆர்.பி. அச்சிட்டுக் கடையில் இருந்த சரக்கை நாம் விலை குறைத்துத்தான் கொடுத்தோம். ஏற்றத்தில் லாபமும் இறக்கத்தில் நஷ்டமும் சேர்ந்ததுதான் நம் தொழில். அதில் மறைவு எதுவும் இல்லை. பக்கத்துக் கடையில் விலை கேட்க வாடிக்கையாளருக்கு வழியும் இருக்கிறது.

கார் டீலரையும் ஒரேயடியாகக் குறை சொல்லக் கூடாது. அவருக்கும் லாப விகிதம் குறைவு. 2024-இல் வண்டி விற்காமல் இரண்டு மாதத்துக்கு மேலான சரக்கு தேங்கி, வட்டி கட்டித் தள்ளுபடி கொடுத்து விற்றார்கள். வரி குறைப்பின்போது அவர்கள் கட்டியிருந்த செஸ் தொகை சிக்கிக்கொண்ட கதையும் நமக்குத் தெரியும். தேங்கும்போது இழந்ததைத் தட்டுப்பாட்டில் எடுக்கப் பார்க்கிறார்கள்.

ஆனால் விலை ஏற்றம் வேறு, கட்டிவைத்து விற்பது வேறு. விலை ஏற்றத்தில் "இதுதான் விலை, வேண்டுமா" என்று கேட்கிறோம். கட்டிவைப்பதில் "உனக்கு வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும்" என்று சொல்கிறோம். வாடிக்கையாளர் முதலாவதை மறந்துவிடுவார். இரண்டாவதை மறக்க மாட்டார்.

இதில் நமக்கு இன்னொரு கோணமும் உண்டு. கம்பெனி ஏஜென்சிக்காரர்கள் நமக்குச் செய்வதும் இதுவேதான். ஓடுகிற சோப்பு பத்துப் பெட்டி வேண்டுமென்றால், புதிதாக வந்த, யாரும் கேட்காத சரக்கு இரண்டு பெட்டி தலையில் கட்டப்படும். அது அலமாரியில் தூசி படிந்து, தேதி முடிந்து, திருப்பி எடுக்க ஆளில்லாமல் கிடக்கும். சங்கக் கூட்டத்தில் இதை எதிர்த்துக் கைதட்டாதவர் யார்? நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள். முட்டைக்கு அறிவிக்கும் விலை ஒன்று, 'மைனஸ்' போட்டுக் கையில் வரும் விலை ஒன்று என்று எத்தனை வருடமாகப் புலம்புகிறார்கள். பலமுள்ளவன் எழுதிய விலைக்கு வெளியே இன்னொரு விலை வைப்பது காரில் மட்டும் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்யும் வணிக முறைகளில் சேர்த்திருக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவர் விருப்பம். டீலர் வற்புறுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. இவை காருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த ராசிபுரத்துக்காரரின் கடையில் பருப்பு வாங்க வந்த அம்மாவுக்கும் இவை உண்டு.

தட்டுப்பாட்டில் நாம் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அரசாங்கம் உள்ளே வரும். 2023 ஜூன் 2 அன்று துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு வந்தது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு அதை 50 டன்னாகக் குறைத்தார்கள். பதுக்கியவன் யாரோ, வாராவாரம் கணக்குக் காட்டியவர்கள் நாம் எல்லோரும்.

சரி, விலையையும் ஏற்றாமல், கட்டியும் வைக்காமல் இருந்தால், மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் வெளியே விற்கிறவன்தானே சம்பாதிப்பான் என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. 2022-இல் கார்வெட் இசட்-06 என்ற காரை வாங்கி உடனே கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவதைத் தடுக்க, ஒரு வருடம் காரைத் தானே வைத்திருப்பவருக்கு 5,000 டாலர் மதிப்புள்ள சலுகைப் புள்ளிகள் தருவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. நிலைத்து நிற்பவருக்கு முதலிடம், தட்டிப் பறிப்பவருக்கு இல்லை. இதை நம் பெரியவர்கள் புள்ளி எதுவும் கொடுக்காமல் செய்தார்கள். சரக்கு குறைந்தால் பழைய வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஐந்து கேட்டவருக்கு மூன்று, மூன்று கேட்டவருக்கு இரண்டு. முன்பின் தெரியாதவன் கட்டாகப் பணத்தோடு வந்து ஐம்பது கேட்டால், "சரக்கு இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான்.

ஆகவே நம் சங்க உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். தட்டுப்பாட்டுக் காலத்தில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்போம். எல்லோருக்கும் அதே விலை. இருக்கும் சரக்கைப் பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் பங்கு வைப்போம். ஓடும் சரக்கோடு ஓடாத சரக்கைக் கட்டமாட்டோம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுவோம். நாம் இதைச் செய்த பிறகுதான் ஏஜென்சிக்காரர்களிடம் "எங்களுக்கும் கட்டாதே" என்று நிமிர்ந்து பேச முடியும். பிறர் பொருளையும் தன் பொருள்போல் எண்ணிச் செய்வதே வணிகம் என்ற கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பதை நாம் மேடையில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கிடங்கிலும் கொஞ்சம் சொல்லிக்கொள்வோம்.

என் மகன் அந்தப் பேக்கேஜை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து, கம்பெனி விலைக்கே வண்டி எடுத்தான். அந்தக் கடையில் இனி ஒரு சக்கரம்கூட வாங்கமாட்டேன் என்கிறான். நான் மறுத்துப் பேசவில்லை. வரும் தீபாவளிக்கு முன் ஒரு நாள் ராசிபுரம் போய்வரலாம் என்று இருக்கிறேன். அந்தப் பெரியவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வியாபாரம் பேசுவதற்கு அல்ல.