அந்தப் பெட்டியை நாமே திறப்போம்

புதிதாகப் பூட்டிய கணினி இயங்கவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாப்பாவோ காக்காவோ அதைத் தூக்கிக்கொண்டு கல்முனை பஸாருக்குப் போகிறார்கள். தாய்ப்பலகை, முறைவழியாக்கி, நினைவகம் என்று உயர்தரத்தில் படிக்கின்ற மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

புதிய கணினி இயங்காததற்குப் பல வேளைகளில் காரணம் பழுதான பாகமல்ல; சரியாகச் செருகப்படாத ஒரு வயர்தான். மின்விசிறி சுற்றவே இல்லையா? சுவர் ப்ளக்கையும், வலு வழங்கியின் பின்புறத்திலுள்ள சுவிட்சையும் முதலில் பார்க்க வேண்டும். பிறகு தாய்ப்பலகைக்குப் போகும் 24 ஊசி வயரையும், பெட்டியின் முன்சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயரையும் பார்க்க வேண்டும். விசிறி சுற்றியும் திரை இருண்டு கிடக்கிறதா? முறைவழியாக்கிக்குரிய 8 ஊசி வயர் மறக்கப்பட்டிருக்கலாம். நினைவகத்தைக் கழற்றி, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். தனியான கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் திரையின் வயரை அதில்தான் செருக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் குறை எங்கே என்று தெரியவரும்.

"கரண்ட் விஷயம், பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ப்ளக்கைக் கழற்றிவிட்டே பாகங்களைத் தொடுகிறோம். உடலிலுள்ள நிலைமின் பாகங்களைத் தாக்காதிருக்க, பெட்டியின் இரும்புப் பகுதியை முதலில் தொட்டுக்கொள்கிறோம். வலு வழங்கியை மட்டும் எவருமே திறக்கக் கூடாது. வயரைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின் தங்கியிருக்கும். தையல் மெஷின் சிக்கிக்கொண்டால் உம்மா தானே கழற்றி, எண்ணெய் விட்டுப் பூட்டுகிறார். அதற்குத் தேவைப்படும் பொறுமைதான் இதற்கும் தேவை.

1946இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு நிரல் அமைத்தவர்கள் கேய் மக்நல்டி, பெட்டி ஜீன் ஜெனிங்ஸ் உள்ளிட்ட 6 பெண்கள். கைந்நூல் எதுவும் இல்லாமல், சுற்றுப் படங்களைப் பார்த்தே அந்த இயந்திரத்தைக் கற்றார்கள். பழுது எந்தக் குழாயில் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அதை அறிந்திருந்தார்கள். நாமும் படங்களில்தான் படிக்கிறோம். ஆனால் அவர்கள் படத்தோடு நிற்கவில்லை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இயங்காவிட்டால் கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. அப்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எவற்றையெல்லாம் பார்த்தோம் என்று சொல்லலாம். தேவையில்லாத பாகத்துக்கு வாப்பாவின் காசு போகாமலும் தடுக்கலாம்.

பெற்றோர்களே, அடுத்த முறை கணினி இயங்க மறுத்தால் அதைக் கடைக்குத் தூக்குமுன் ஸ்குரூ ட்ரைவரை மகளின் கையில் கொடுங்கள். ஒரு மணித்தியாலம் பொறுத்திருங்கள்.