குழாயின் பூர்வஜன்மம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலாவது, ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களிலாவது மின்சார வேலை நடக்கும் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்கும். ஒயர் இணைப்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை நுழைத்துச் சூடு காட்டுவார்கள். தொளதொளவென்றிருந்த குழாய் சட்டென்று சுருங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும். ஷ்ரிங்க் ஸ்லீவ் என்று அதற்குப் பெயர். நமது புராணப் பண்டிதர்கள் கண்டால் “பூர்வஜன்ம வாசனை” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் கூடும்.

வாஸ்தவத்தில் அக்குழாய்க்குப் பூர்வஜன்மம் உண்டுதான். ஆனால் அது நடந்த இடம் தொழிற்சாலை. முதலில் குழாயை ஒடுக்கமாகவே செய்து, அதிலுள்ள நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை அங்கங்கே முடிச்சுப் போட்டதுபோல் பிணைத்துவிடுகிறார்கள். பிறகு சூடாக்கி, அகலமாக இழுத்து, இழுத்தபடியே குளிர வைக்கிறார்கள். குளிர்ந்து இறுகிய பகுதிகள் அந்த அகலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. மறுபடி சூடு பட்டதும் பிடி இளகுகிறது. முடிச்சுகள் பழைய நிலைக்கு இழுக்கின்றன. இதில் ஆத்மா எங்கே வந்தது?

இம்மாதிரி மெதுவான பொருள்களைக்கொண்டே இயந்திர மனிதனுக்குக் கை செய்யப் பார்க்கிறார்கள். இரும்புக் கை தக்காளியை நசுக்கிவிடும். இதுவோ சூட்டில் இளகிப் பொருளின் வடிவத்துக்கேற்ப வளைந்து, குளிர்ந்ததும் இறுகிப் பிடிக்கும். ஆனால் நம் குழாய் ஒரு தடவை சுருங்குவதோடு சரி. சூட்டில் சுருங்கி, குளிரில் தானே நீளும் ரப்பர் வேறு வகை. திரவப் படிகம் கலந்த அந்த ரப்பரைச் செயற்கைத் தசையாக்கலாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி டி ஜென் 1997இல் எடுத்துச் சொன்னார். சூடேற்றுவது சுலபம், குளிர்வதற்கோ நேரமாகிறது, பலமும் போதாது. அதனால் பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சிச் சாலையிலேயே இருக்கிறது. இல்லாததை இருப்பதாகச் சொல்லுவது புராணிகர் வேலை, நமக்கு வேண்டாம்.

பின் ஏன் எழுதுகிறோமென்றால், குழாயின் பூர்வஜன்மத்தைப் பட்டறையில் காட்டிவிடலாம். மலக்குழியில் இறங்குகிறவனுடைய “பூர்வஜன்ம வினை”யை யார் எங்கே காட்டினார்கள்? பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2023இல் சொல்லியாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் செய்த ஹோமோசெப் என்ற யந்திரமும் 2022இல் வேலைக்கு வந்தது. அதன் அலகுகள் மடக்கிய குடைபோல் குறுகிய வாயில் நுழைந்து, உள்ளே விரிந்து, இறுகிய கசடைக் கலக்கும். பிறகு பம்பு உறிஞ்சிவிடும். ரப்பர் தசை இல்லை, சாதாரண மோட்டார்தான். நாளைக்கு மெத்தென்ற கை வளைந்த குழாய்க்குள்ளும் போகலாம். அதுவரையில் மனிதன் இறங்கவேண்டும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை.

ஆனாலும் கசடு இறுகிப்போனால் நமது பக்கத்தில் இன்றும் கயிறு கட்டி ஆளைத்தான் தேடுகிறார்கள். கேட்டால், “அது அவங்க தொழிலுங்க” என்கிறார் வீட்டுக்காரர். ஆயுத பூஜையன்று லாரிக்குச் சந்தனம் பூசுகிறவருக்கு, அந்த லாரியோடு வந்த ஆளின் உயிரைப்பற்றி நினைக்க நேரமில்லை போலும்!

தோழர்களே, உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் கூலி பேசுவதற்கு முன் லாரிக்காரரிடம், “உள்ளே ஆள் இறங்குமா?” என்று கேளுங்கள். இறங்கும் என்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.