உணவைப் பற்றி யார் சொல்வதை நம்புவது?

விதை நெல் வாங்கும் கமக்காரர் எவரும் விற்பவரின் வாய்ச்சொல்லை மாத்திரம் நம்பி வயலில் இறங்குவதில்லை. நூறு மணிகளை எண்ணி ஈரச்சாக்கில் முடிந்து வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்த்த பின்னரே நாற்றுமேடை இடுகிறார். ஆனால் பிள்ளைக்கு எதை ஊட்டுவது என்னும் விஷயத்தில், பால்மா விளம்பரமும் சந்தையில் கேட்ட கதையும் கைத்தொலைபேசியில் வந்த செய்தியும் எவ்விதச் சோதனையுமின்றி வீட்டிற்குள் நுழைந்துவிடுகின்றன. விதை பிழைத்தால் ஒரு போகம் நட்டம். பிள்ளையின் முதலிரண்டு ஆண்டு உணவு பிழைத்தாலோ, குறைந்த வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 ஆம் ஆண்டு நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூற்றுவரில் ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டங்களிலோ அத்தொகை 32 ஆக இருந்தது. ஊவாவில் வாழும் நமக்கு இது வேறெங்கோ நிகழும் சங்கதியன்று. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் போஞ்சியும் கோவாவும் கரட்டும் லொறி லொறியாய்க் கெப்பெட்டிபொல சந்தைக்குச் செல்கின்றன. அச்சாலையோரத்து லயங்களிலே கொழுந்து பறிக்கும் தாய் ரொட்டியும் சம்பலும் உண்டு மலையேறுகிறாள்.

தோட்ட மக்களுக்கு அறிவு போதாது என்று இதற்குக் காரணங் கூறுவோர் உளர். அக்கூற்றை யாம் ஏற்பதற்கில்லை. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, கோதுமை மா இந்நாட்டு அடுப்பங்கரைகளிற் பெருமளவு புகுந்தது. விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்பவளுக்கு ரொட்டி விரைவிற் சுடத்தக்கது, பசியுந் தாங்கும். ஆகவே கோதுமை மாவைப் பழிப்பதிற் பயனில்லை. ரொட்டியுடன் பருப்பும் கீரையும் சேர்கின்றனவா என்பதே கேள்வி.

நம்பத்தக்க செய்தி எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு நம்மவர் உணவிலேயே சிறந்த உதாரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் கண்டு சீனத் தொழிலாளர் பலர் மாண்டனர். அந்நாட்டிலேயே உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. பிரடன் என்னும் வைத்தியர் இதனைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கெட்ட அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் எண்ணியது தவறு. ஆயினும் அவர் கண்ட வேற்றுமை மெய். பின்னர் பிளெச்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கலரிசியுங் கொடுத்துப் பார்த்து, 1907 இல் முடிவை வெளியிட்டார். பச்சையரிசி உண்டவரிடையே நோய் பரவிற்று, பலர் இறந்தனர். (இத்தகைய சோதனையை இக்காலத்தில் எவரும் அனுமதியார், அனுமதிக்கவுங் கூடாது.) நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியினுள்ளே இறங்குகிறது என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. பாட்டிமாரின் பழக்கம் சரியென்று நிலைபெற்றது. ஆனால் அது பழமையானது என்பதனாலன்று, சோதித்துப் பார்க்கப்பட்டதனால்.

எனவே உணவைப் பற்றிய எந்தப் பேச்சையும் கேட்கும்போது, இதைச் சொல்பவர் எவர், அவர் எதை விற்கிறார், எங்கே சோதித்தார் என்று வினவுதல் வேண்டும். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பால்மா வகைகளின் விளம்பரத்திற்கு உலக சுகாதாரத் தாபனம் 1981 இல் எல்லை வகுத்தது வீணாகவன்று. ஒரே மூலிகை நீரிழிவையும் மூட்டுவலியையும் மலட்டையும் ஒருங்கே தீர்க்கும் என்று எவரேனுஞ் சொன்னால், எந்தப் பூச்சிக்கும் ஒரே மருந்து என்று கூறும் கடைக்காரரை நினைத்துக்கொள்க.

நம்பத்தக்கவர் தொலைவில் இல்லை. இந்நாட்டு உணவு வகைகளின் சத்துக்களைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் ஆராய்ந்திருக்கிறது. இலங்கையருக்கான உணவு வழிகாட்டியைச் சுகாதார அமைச்சு வெளியிட்டிருக்கிறது. இவற்றைத் தேடிப் படிக்க நேரமில்லாதவருக்குக் குடும்பநல மருத்துவமாது இருக்கிறார். பிள்ளை பிறந்ததும் தரப்படும் பதிவேட்டில் அவர் இடும் வளர்ச்சிக் கோடு, எந்த விளம்பரத்தினும் மேலான சாட்சி. கோடு ஏறாமற் படுத்துவிட்டால், டின்னின் மேல் எழுதியிருப்பது எதுவாயினும் உணவு போதவில்லையோ, நோய் உண்டோ என்று உடனே விசாரித்தல் வேண்டும்.

தேயிலை நாட்டவராகிய நாம் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி ஒன்று: உணவுடன் அருந்தும் தேநீர், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கும் சாயத்தண்ணீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று. கீரையின் மேல் தேசிக்காய்ப் புளி பிழிந்தாலோ, உண்டபின் ஒரு கொய்யாப்பழந் தின்றாலோ, அவ்விரும்பு எளிதாகச் சேரும். இரத்தக் குறைவுள்ள கர்ப்பிணிக்கு இது செலவில்லாத உதவி. ஆயினும் மருத்துவமாது தரும் இரும்புக் குளிசையை இதனால் நிறுத்திவிடலாகாது.

மரக்கறிச் செய்கையாளர் இன்னொன்றையுங் கவனித்தல் வேண்டும். பீட்ரூட்டையும் முள்ளங்கியையும் நோக்கோலையும் மூட்டை கட்டும்போது இலைகளை வரம்பிலே எறிந்துவிடுகிறோம். தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுண்டினால் அவை நல்ல கறி. தேங்காயின் எண்ணெய்ப்பசை உயிர்ச்சத்து ஏ உடலிற் சேரத் துணைபுரியும். ஆனால் மருந்து தெளித்த பாத்தி இலையை, போத்தலிற் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் பறிக்கக் கூடாது. வீட்டுக்கென மருந்து தெளியாத இரண்டு பாத்தியை ஒதுக்கி, அதிற் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கௌபியும் இடுவதே எமது அபிப்பிராயத்திற் சிறந்த வழி. மகியங்கனைப் பகுதியில் நெல் விளைப்போர் முருங்கையை வேலியிலேயே வளர்க்கலாம். தாமுண்ணும் நெல்லை அவித்து, மிகுதியாகத் தீட்டாமற் குற்றிக்கொள்ளலாம்.

குறை நம் பக்கத்தில், அதாவது சொல்லிக்கொடுப்போர் பக்கத்திலும் உண்டு. கிளினிக் நடக்கும் பகல் வேளையிலே தாய் மலையில் நிற்கிறாள். வந்தால் அரைநாட் சம்பளம் போய்விடும் என்று அஞ்சுகிறாள். சுவரில் ஒட்டிய அறிவித்தல் அவள் வாசிக்கும் தமிழில் இல்லாதிருப்பதும் உண்டு. பிள்ளையை விட்டுச் செல்லவும் கூட்டிச் செல்லவும் அவள் நாள்தோறும் வருமிடம் பிள்ளைக்காம்பரா. நிறை பார்ப்பதும், கீரை சமைத்துக் காட்டுவதும், ஐயந் தீர்ப்பதும் அங்கே மாலை வேளையில் நடைபெற்றால், தனியே எவரையுங் கூட்டத்திற்கு அழைக்கவேண்டியதில்லை. விவசாயப் போதனாசிரியரும் மருத்துவமாதும் மாதம் ஒருமுறை சேர்ந்து வருதல் நலம்.

அருகிலுள்ள கமக்காரரும் இதில் ஒரு கை கொடுக்கலாம். வளைந்த கரட்டையும் பிளந்த கோவாவையும் வியாபாரி கழித்துவிடுகிறார்; சத்தில் அவை குறைந்தனவல்ல. வாரம் ஒரு கூடை பிள்ளைக்காம்பரா அடுப்புக்குச் செல்லுமாயின் இருபது பிள்ளைகளின் மதிய உணவில் மரக்கறி சேரும். எந்த நாளில் எவர் கொடுப்பது என்பதை அடுத்த கமக்காரர் சங்கக் கூட்டத்திலேயே பேசி முடிவுசெய்யலாம்.