மணி அடிக்கிறது, வருபவர் யார்?

சென்ற கோடையில் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும். வையம்பட்டியில் நாம் தங்கியிருக்கும் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. அடுத்த தெருவில் தனியே வாழும், எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நடுங்கியபடி நின்றார். மணிக்கட்டில், சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச். “சாமி, இது அடிச்சுக்கிட்டே கெடக்கு. என்னமோ எழுதியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியல. நான் போயிருவேனா சாமி?”

ஆங்கிலத்தில் இருந்ததை நாம் படித்தோம். ஓய்வில் இருக்கும்போதே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டிவிட்டதாம். 108 வண்டியை அழைத்து, மணப்பாறை அரசு மருத்துவமனைக்கு உடன் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் நாடியைப் பிடித்தார்; கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தார்; இதயப் பதிவு எடுத்தார். பகலெல்லாம் வெயிலில் நின்றதால் உடலில் நீர் வற்றியிருந்தது. இரத்தச் சோகை வேறு. போதாக்குறைக்கு, கடிகாரம் மூட்டிய அச்சமும் துடிப்பை ஏற்றியிருந்தது. விடிந்ததும் மகனை அழைத்தோம். “எனக்கும் தகவல் வந்துச்சு சாமி. அதான் கையில வாட்ச் இருக்கேன்னு நெனச்சேன்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் நமக்கு வழக்கு.

கருவியோடு நமக்குப் பகையில்லை. தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, குருதி அதனை உறிஞ்சும் அளவின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பை எண்ணும் நுட்பம் வியப்புக்குரியதே. ஆப்பிள் நிறுவனம் 2017இல் தன் கடிகாரத்தில் இவ்வெச்சரிக்கையைச் சேர்த்தது. பத்து நிமிடம் அசைவின்றி இருப்பவரின் துடிப்பு, 100 முதல் 150 வரை அவரே குறித்த ஓர் எல்லையைத் தாண்டினால் அது அறிவிக்கும். ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும் அறிவிப்பு பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அறிவிப்புப் பெற்றோர் 0.52 விழுக்காட்டினரே. அவர்களுள் பதிவுப் பட்டையை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினருக்கு இதயத்துடிப்புக் கோளாறு உறுதியாயிற்று. பயன்பெற்றோர் உண்டு என்பதை மறுப்பது அறியாமை.

ஆயினும், கடிகாரம் தருவது ஓர் எண் மட்டுமே. துடிப்பு ஏன் ஏறியது? காய்ச்சலா, நீரிழப்பா, தைராய்டு மிகுதியா, துயரமா, மாலையில் குடித்த கடுங்காப்பியா? அதற்குத் தெரியாது. மாரடைப்பைக் கண்டறியத் தன் கடிகாரத்தால் இயலாது என்று அந்நிறுவனமே சொல்கிறது. ஆகவே அது அடித்தால் ஆபத்து என்பதும் உறுதியில்லை. அடிக்காவிட்டால் நலம் என்பதும் உறுதியில்லை.

விளக்கிச் சொல்ல ஆளின்றி எண் மட்டும் எஞ்சினால் என்னவாகும்? 2020இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை வெளியிட்டது. முன்னரே துடிப்புக் கோளாறு இருந்த அவர், ஓராண்டில் கடிகாரத்தால் 916 முறை தம் இதயத்தைப் பதிவு செய்தார். 12 முறை மருத்துவமனைக்கு ஓடினார். நலம் காக்க வாங்கிய பொருளே நோயாயிற்று அன்றோ!

இனி நம் பக்கம் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. குருதியில் சத்துக் குறைந்தால், அதனை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கும். நம் வறண்ட காடுகளில் களை வெட்டும் எத்தனை பெண்களின் நெஞ்சு இவ்வாறு படபடக்கிறது! அவர்கள் மணிக்கட்டில் வளையல்தான் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வீட்டு வாசலுக்கு வந்த நம்மூர்ப் பெண் தன்னார்வலர், விலையுயர்ந்த கடிகாரத்தால் இயலாத ஒன்றைச் செய்தார்: “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை மூவர் கண்டனர். காண்பதில் எவருக்கும் குறையில்லை, நின்றவர் ஒருவரே. கண்டும் விலகிப்போனவருள் முதல்வர் ஒரு குரு என்பதை நாம் மறக்கவில்லை. எனவே இக்கடுஞ்சொல் நமக்கும் சேர்த்துத்தான். அம்மூதாட்டி தனியே வாழ்வதை அறிந்தும், கதவு தட்டப்படும்வரை நாம் அவர் வாசலை மிதித்ததில்லை. கடல்கடந்த மகனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. பிழைப்புக்காகப் போனவர் அவர். நாமோ அடுத்த தெருவில் இருந்தோம்.

பெற்றோருக்குக் கடிகாரம் அனுப்பும் பிள்ளைகளே, அனுப்புங்கள். ஆனால் அதற்குமுன் மூன்றைச் செய்யுங்கள். எல்லை எண்ணை மருத்துவரைக் கேட்டு வையுங்கள். மணி அடித்தால் ஓடிவரும் அண்டை வீட்டார் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். அடிக்காத நாளிலும் அழைத்துப் பேசுங்கள். அன்பியங்களில் கூடும் பெரியோரே, உங்கள் தெருவில் தனித்திருப்போர் யாவர் என்று அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பாருங்கள்.

அம்மூதாட்டி இன்றும் அக்கடிகாரத்தைக் கட்டியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். அவர் வீட்டுச் சுவரில் இப்போது மூன்று தொலைபேசி எண்கள் கரிக்கட்டையால் பெரிதாக எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நம்முடையது. காலம் தாழ்த்தி எழுதப்பட்டது.