தொழுகையைக் காட்டி விற்கப்படும் மூட்டு



சங்கரன்கோவிலிலும், சுற்றியுள்ள புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி ஊர்களிலும், முழங்கால் வலி எட்டிப் பார்க்காத வீடு நம் சமுதாயத்தில் அரிது. பல ஆண்டுகளாகப் பீடித் தட்டை மடியில் வைத்துத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள், தறிக்கூடத்தில் பகலும் இரவும் நின்ற தந்தையர் ஆகியோரின் முழங்கால்கள்தாம் முதலில் தேய்கின்றன. முதுமையும் உடற்பருமனும் அத்துடன் சேர்ந்துகொள்கின்றன. கடைசியில், மூட்டை மாற்றுவதுதான் வழி என்று மருத்துவர் சொல்லும் நாள் வருகிறது.

அந்த நாளில் நம் குடும்பங்களிடம் பேசப்படும் ஒரு பேச்சைக் குறித்தே இக்கட்டுரை. “சாதாரண மூட்டு வைத்தால் இனி நாற்காலித் தொழுகைதான். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் தரையில் அமர்ந்து தொழும் மூட்டு இருக்கிறது.” இந்த ஒரு வாக்கியத்தில் மகன் தடுமாறுகிறான், தாய் கண் கலங்குகிறார், மருமகளின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையை நாம் எதிர்க்கவில்லை. அது அல்லாஹ் மனித அறிவுக்குத் திறந்துவிட்ட அருட்கொடைகளுள் ஒன்று. அடியானின் சுஜூதை விலைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ப்பதையே எதிர்க்கிறோம்.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது?

மூட்டு மாற்று என்றால் காலை வெட்டி இரும்புக் கால் பொருத்துவது என்று அஞ்சுவோர் இன்றும் உள்ளனர். உண்மையில், தேய்ந்த எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, அவற்றின்மேல் உறை போடுகிறார்கள். தொடை எலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவை. கீழ்க்கால் எலும்பின் தலைப்பில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே, தேய்ந்துபோன குருத்தெலும்பின் வேலையைச் செய்ய, மிக உறுதியான பாலிஎத்திலீன் பலகை. இவற்றை எலும்போடு பிணைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் சிமெண்ட்.

எந்தப் பொருளை உடல் தாங்கும் என்பது விலையுயர்ந்த பாடங்களால் அறியப்பட்டது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் முதலில் டெஃப்லானை வைத்தார். அது விரைவில் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைக் கெடுத்தன. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகே அந்தச் சிகிச்சை நிலைபெற்றது. புதிய பொருள் என்பதாலேயே அது சிறந்தது ஆகிவிடாது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்னும் இடுப்பு மூட்டு, உலோகத்தின்மேல் உலோகம் உராயும் வகையைச் சேர்ந்தது. உராய்வில் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. ‘வெளிநாட்டுப் புது மாடல்’ என்ற சொல்லுக்கு மயங்குவோர் இதை மறக்கக் கூடாது.

முழங்காலின் கணக்கு

சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி வரை மடங்கினால் போதும். படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 முதல் 105 டிகிரி வரை வேண்டும். தொழுகையின் இருப்பில் குதிகாலின்மேல் அமர 150 டிகிரிக்கு மேல் தேவை. மாற்று மூட்டு வழக்கமாக 110 முதல் 125 டிகிரி வரை மடங்குகிறது. நன்கு தேறியவர்களுக்கு அதற்கு மேலும் மடங்கும்.

பாரத்தையும் பாருங்கள். சாதாரண நடையிலேயே உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்குச் சுமை முழங்காலில் இறங்குகிறது. கால் ஆழமாக மடங்கும்போது உலோக முனை பின்னோக்கி உருண்டு, பாலிஎத்திலீன் பலகையின் பின்விளிம்புப் பக்கம் சிறிய பரப்பில் அழுந்துகிறது. தொடும் பரப்பு சுருங்கினால் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் தேய்மானம் கூடும். இது எந்த நிறுவனத்தின் மூட்டுக்கும் பொருந்தும் இயற்கை விதி.

இந்த இடைவெளியை நிரப்பவே ‘ஹை-ஃப்ளெக்ஸ்’ என்ற வகை வந்தது. தரையில் அமரும் ஆசிய மக்களையும், தொழும் முஸ்லிம்களையும் மனத்தில் வைத்துச் சந்தைப்படுத்தப்பட்டது. தொடை எலும்பின் பின்புறத்தில் சற்றே கூடுதலாக எலும்பைச் சீவி, உலோக உறையின் பின்பகுதியைத் தடித்து வளைத்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பலன் என்ன?

2005இல் வெளியான தென் கொரிய ஆய்வொன்றில், 50 பேருக்கு ஒரு காலில் சாதாரண மூட்டும் மறுகாலில் ஹை-ஃப்ளெக்ஸும் பொருத்திப் பார்த்தார்கள். சாதாரணக் கால் சராசரியாக 136 டிகிரியும், மற்றது 139 டிகிரியும் மடங்கின. ஒரே மனிதரின் இரு கால்களுக்கும் இடையே வெறும் 3 டிகிரி! பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், நோயாளி உணரத்தக்க வேறுபாடு இல்லை என்றே முடிவுக்கு வந்தனர். 2007இல் அதே நாட்டின் வேறு மருத்துவர்கள், தாங்கள் வைத்த 72 ஹை-ஃப்ளெக்ஸ் மூட்டுகளில் 27இல் தொடைப் பகுதி எலும்பிலிருந்து தளர்ந்துவிட்டதாக அறிவித்தனர். தளர்வு கண்டவர்களுள் குந்தி அமர்ந்தோர், மண்டியிட்டோர், சம்மணமிட்டோரே அதிகம். மற்ற இடங்களில் இவ்வளவு தளர்வு காணப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் ‘தரையில் தாராளமாக அமரலாம்’ என்ற வாக்குறுதியின் அடித்தளம் எவ்வளவு மெலிந்தது என்பது விளங்குகிறது.

சிகிச்சைக்குப் பின் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை அதிகம் தீர்மானிப்பது, சிகிச்சைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே. அடுத்து வருபவை மருத்துவரின் கைத்திறனும், நோயாளியின் விடாத பயிற்சியும். இவற்றைச் சொல்லாமல் பெட்டியின்மேல் உள்ள பெயரை மட்டும் சொல்பவர் நமக்கு நன்மை நாடுபவர் அல்லர்.

1,770 ரூபாய்

2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டு 54,720 ரூபாய் ஆனது. 1,81,728 ரூபாய்க்கு விற்ற ஹை-ஃப்ளெக்ஸ் 56,490 ரூபாய் ஆனது. ஜிஎஸ்டி தனி. இரண்டுக்கும் இடையே அரசு ஏற்ற வேறுபாடு 1,770 ரூபாய் மட்டுமே.

அப்படியானால் ‘தொழுகை மூட்டு’ என்று சொல்லி ஐம்பதாயிரமும் ஒரு லட்சமும் கூடுதலாகக் கேட்கப்படும்போது, அந்தப் பணம் எதற்கு? பொருளின் விலைக்கு வரம்பு உண்டு. அறை, கட்டணம், ‘பேக்கேஜ்’ என்ற பெயர்களுக்கு வரம்பு இல்லை. அங்கேதான் நம் ஈமானின் ஆசை பணமாக மாற்றப்படுகிறது.

‘தங்க மூட்டு’ என்ற விளம்பரமும் இதே வகை. அந்தப் பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சின் நிறம். அதில் தங்கம் இல்லை. உலோக ஒவ்வாமை உள்ளவருக்கு அத்தகைய பூச்சு பயன்படலாம். 30, 35 ஆண்டுகள் உழைக்கும் என்ற பேச்சுக்கு மட்டும் சான்று கேளுங்கள். அத்தனை ஆண்டுகள் ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்க்காமல் அப்படிச் சான்று தர எவராலும் இயலாது. முழு மூட்டு மாற்றுகளில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என்று 2019இல் லான்செட் இதழில் வெளியான கணக்கு, 25 ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட பழைய மூட்டுகளைப் பற்றியது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் வரலாறு அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ நூல்களில் உண்டு. குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், உடல் தாங்கும் பொருள் அதுவே என்பதால் தேவைக்கு அனுமதி கிடைத்தது. உடலுக்குள் உலோகம் வைத்தால் உளூ கூடுமா, தொழுகை நிறைவேறுமா என்று குழம்பி வலியோடு காலம் கழிப்போருக்கு இதில் தெளிவு உண்டு. ‘தவக்குல்’ என்று சொல்லிச் சிகிச்சையைத் தடுக்கும் உறவினர்கள், மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியதை நினைவில் கொள்ளட்டும்.

அதே மார்க்கம், நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கற்பித்திருக்கிறது. புகாரியில் பதிவான செய்தி இது. சுஜூது செய்ய இயலாதவர் தலையைத் தாழ்த்திச் சைகை செய்வதே அவருடைய சுஜூது. அது குறைபட்ட வணக்கமன்று; அல்லாஹ் விரும்பிக் கொடுத்த சலுகை. சாதாரண மூட்டு வைத்த பிறகும் சிலரால் தரையில் சுஜூது செய்ய முடிகிறது. அவர்கள் மருத்துவரின் அனுமதியோடு செய்யட்டும், அல்ஹம்துலில்லாஹ். இயலாதவர் நாற்காலியில் அமரட்டும், அதற்கும் அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். அல்லாஹ் மன்னித்துவிட்ட ஒன்றை விலை கொடுத்து வாங்குவதற்காக, அல்லாஹ் போர் அறிவித்த வட்டியில் நாம் போய் விழுகிறோம். சலுகையை ஏற்க வெட்கப்படுகிறோம். நகையை வட்டிக்கு வைக்க வெட்கப்படுவதில்லை. இதைவிடத் தலைகீழான பேணுதல் வேறு உண்டா?

இதில் பழி விற்பவர் மேல் மட்டும் இல்லை. பள்ளிவாசலில் நாற்காலி போட்டவரை ஓரக்கண்ணால் பார்ப்பது யார்? ‘இந்த வயதிலேயே நாற்காலியா?’ என்று கேட்பது யார்? கல்யாண வீட்டில் தரையில் அமராத மூதாட்டியைக் கேலி பேசுவது யார்? நாம்தாம். அந்தக் கேலியைத்தான் வியாபாரி காசாக்குகிறார்.

செய்ய வேண்டியவை

குடும்பத்தார் பணம் கட்டுமுன் மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும்: வைக்கப்போகும் மூட்டு எந்தப் பொருளால் ஆனது? நிறுவனம், மாடல் பெயர் என்ன? மூட்டின் விலை மட்டும் எவ்வளவு? என் அம்மாவின் கால் இப்போது எத்தனை டிகிரி மடங்குகிறது, பிறகு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? மூட்டின் விலையையும் விவரங்களையும் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள தயாரிப்பு எண் ஒட்டியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏஎஸ்ஆர் போல நாளை ஏதேனும் திரும்பப் பெறப்பட்டால், அந்தச் சிறு காகிதமே உங்கள் சாட்சி.

கடன் வாங்குமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நினையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உரியது அது. மூட்டு மாற்றும் அதில் அடங்கும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை விசாரிக்காமல் நகையைக் கழற்றாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாற்காலிகளை மூலையில் அடுக்கி வைக்காமல், ஸஃப்பின் ஓரத்தில் அவற்றுக்கென்று இடம் ஒதுக்குங்கள். பெண்கள் தொழும் பகுதியிலும் அவ்வாறே. பைத்துல்மாலில் ஒரு பங்கை ஏழைத் தாய்மார்களின் சிகிச்சைக்கு வட்டியில்லாக் கடனாக ஒதுக்குங்கள். கண்ணியத்துக்குரிய ஆலிம்கள் ஒரு ஜும்ஆவில் நாற்காலித் தொழுகையின் சட்டங்களை, எப்போது நிற்க வேண்டும், எப்போது அமரலாம் என்பதை, மத்ஹபின் விளக்கத்தோடு எடுத்துச் சொல்லட்டும். அந்த ஒரு பயான் பல வீடுகளின் நகையைக் காப்பாற்றும்.

நம்மைப் பெற்றவர்கள் வலியின்றி நடக்கட்டும், கடனின்றி உறங்கட்டும், நிமிர்ந்தோ, அமர்ந்தோ, இயன்ற நிலையில் தம் இறைவனைத் தொழட்டும். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை வழங்குவானாக! வட்டியிலிருந்தும் ஏமாற்றத்திலிருந்தும் நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.